இலையில் வெள்ளை இருந்தால் வெளிச்சம் வேண்டும்: வீட்டுக்குள் மணிப்பிளாண்ட் வளர்ப்பு

தேக்கா பக்கம் உள்ள வீவக புளோக்குகளின் பொது நடைவழியில் கொஞ்ச தூரம் நடந்து பாருங்கள். துளசி, கற்றாழை, கறிவேப்பிலை என்று வரிசையாகத் தொட்டிகள் இருக்கும். அந்த வரிசையில் எங்காவது ஒரு மணிப்பிளாண்டும் இருக்கும். அதே வீட்டின் வரவேற்பறையில், தொலைக்காட்சிக்குப் பக்கத்தில், புட்டித் தண்ணீரில் அதே கொடியின் இன்னொரு துண்டு நிற்கும். வாசலில் இருப்பது மஞ்சளும் பச்சையுமாகப் பளிச்சென்று இருக்கும். உள்ளே இருப்பது பெரும்பாலும் வெறும் பச்சையாக, இலை சிறுத்து, தண்டு மட்டும் நீண்டு கிடக்கும். இரண்டும் ஒரே கொடியிலிருந்து கிள்ளி வைத்தவைதான். பிறகு ஏன் இந்த வித்தியாசம்?

இந்தக் கேள்விக்குச் சரியான பதில் தெரிந்தால், மணிப்பிளாண்ட் மட்டுமல்ல, இலையில் வெள்ளையோ மஞ்சளோ கலந்த எந்தச் செடியையும் வீட்டுக்குள் வளர்க்கலாம். தேர்வு எழுதும் மாணவர்களுக்கு இன்னொரு பயனும் உண்டு. பசுமை, சுற்றுச்சூழல் என்று தலைப்பு வந்தால், 'மரம் வளர்ப்போம், மழை பெறுவோம்' என்று தொடங்கி எல்லாரும் ஒரே மாதிரி எழுதுகிறோம். காரணத்தையும் விளைவையும் கோத்து எழுதிய ஒரு பத்தி அந்தக் குவியலில் தனியாகத் தெரியும். அப்படி எழுத, கையருகே இருக்கும் ஒரு தொட்டியே போதும்.

முதலில் பெயரைப் பார்த்துவிடுவோம். 'மணி' என்பது இங்கே தமிழ் மணி இல்லை. ஆங்கிலத்தில் பணம் என்று பொருள்படும் சொல். வீட்டில் வைத்தால் பணம் சேரும் என்ற நம்பிக்கையில் வந்த பெயர். 'காசு குடுத்து வாங்கக் கூடாது, யார் வீட்டுலயாவது தெரியாம கிள்ளிட்டு வந்து வெச்சாத்தான் நல்லா வரும்' என்றும் சொல்வார்கள். கேட்டுக் கிள்ளினாலும் அதே அளவுக்குத்தான் வளரும். பார்க்க வெற்றிலைக் கொடி போல இருந்தாலும் இது வெற்றிலைக்கு உறவில்லை. வெற்றிலை மிளகின் குடும்பம். மணிப்பிளாண்டோ சேப்பங்கிழங்கு, சேனைக்கிழங்கு குடும்பத்தைச் சேர்ந்தது. தேக்கா சந்தையில் இந்த இரண்டு குடும்பங்களையும் பக்கத்துப் பக்கத்துக் கடைகளில் பார்க்கலாம். (தேக்கா என்ற பெயரும் ஒரு தாவரத்திலிருந்து வந்ததுதான். ஹொக்கியன் மொழியில் 'மூங்கிலின் அடி' என்று பொருள். தேக்கு மரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.)

இதன் அறிவியல் பெயர் எபிப்ரெம்னம் ஆரெயம். ஆரெயம் என்றால் லத்தீனில் பொன்னிறமானது. சொந்த ஊர் பசிபிக் பெருங்கடலில், பிரெஞ்சுப் பொலினீசியாவில் உள்ள மொஓரியா என்ற சிறு தீவு. ஐரோப்பியத் தாவரவியலாளர்கள் 1880-ல் இதற்குப் பெயர் சூட்டினார்கள். அதன் பிறகு எந்தப் பேரினத்தில் சேர்ப்பது என்று தெரியாமல் பல முறை பெயர் மாற்றினார்கள். காரணம், இது பூக்கவே பூக்காது. 1964-க்குப் பிறகு தானாகப் பூத்ததாகப் பதிவு இல்லை. பூப்பதற்குத் தேவையான ஜிப்ரெலின் என்ற ஹார்மோனை உருவாக்கும் ஒரு மரபணு இதில் சரியாக வேலை செய்வதில்லை என்று 2016-ல் கண்டுபிடித்தார்கள். பூ இல்லை, ஆகவே விதையும் இல்லை. உலகம் முழுக்க வீடுகளில் இருக்கும் மணிப்பிளாண்டுகள் எல்லாம் தண்டை வெட்டி வெட்டிப் பரப்பியவை. உங்கள் வீட்டுக் கொடியும் எதிர்வீட்டுக் கொடியும் ஏறக்குறைய ஒரே செடியின் துண்டுகள். ஆகவே 'அவங்க வீட்டுச் செடி நல்ல ஜாதி, நம்மது மட்டம்' என்ற பேச்சு பெரும்பாலும் எடுபடாது. வித்தியாசம் செடியில் இல்லை, அது இருக்கும் இடத்தில் இருக்கிறது.

வெள்ளை எங்கிருந்து வருகிறது

இலை பச்சையாக இருப்பது பச்சையத்தால். வெளிச்சத்தைப் பிடித்து, தண்ணீரையும் கரியமில வாயுவையும் சேர்த்துச் சர்க்கரையாக்கும் வேலையை அதுதான் தொடங்கி வைக்கிறது. இலையில் வெள்ளையாகத் தெரியும் இடத்தில் இருக்கும் உயிரணுக்களில் பச்சையம் இல்லை, அல்லது மிகக் குறைவு. மஞ்சளாகத் தெரியும் இடத்திலும் அப்படித்தான். பச்சையம் குறைந்து வேறு நிறமிகள் வெளியே தெரிகின்றன.

உயர்நிலைப் பள்ளியில் உயிரியல் படிக்கும் மாணவர்களுக்கு இது புதிதாக இருக்காது. இருநிற இலையை வைத்துச் செய்யும் மாவுச்சத்துச் சோதனையை நினைத்துக்கொள்ளுங்கள். செடியை இரண்டு நாள் இருட்டில் வைத்து, இலையில் ஏற்கெனவே சேர்ந்திருக்கும் மாவுச்சத்தைத் தீரவிடுவோம். பிறகு சில மணி நேரம் வெளிச்சத்தில் வைப்போம். இலையைப் பறித்து, எங்கே பச்சை, எங்கே வெள்ளை என்று வரைந்துகொள்வோம். கொதிநீரில் போட்டு, அப்புறம் எத்தனாலில் வைத்துப் பச்சையத்தை வெளியேற்றி, அயோடின் சொட்டுவோம். முன்பு பச்சையாக இருந்த இடம் கருநீலமாகும். வெள்ளையாக இருந்த இடம் பழுப்பாகவே நிற்கும். வெள்ளைப் பகுதி தனக்கான உணவைத் தானே தயாரிக்கவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. அது பக்கத்திலிருக்கும் பச்சைப் பகுதியின் சம்பாத்தியத்தில் வாழ்கிறது.

ஒரு குடும்பத்தில் நான்கு பேரில் இருவர் மட்டும் வேலைக்குப் போனால் அந்த இருவர் நிறைய உழைக்க வேண்டும் அல்லவா? பாதி வெள்ளையாக இருக்கும் இலையின் நிலையும் அதுதான். அதே அளவு முழுப்பச்சை இலையைவிட அதற்கு அதிக வெளிச்சம் வேண்டும். 'மார்பிள் குயீன்' என்ற வெள்ளைக் கலப்பு அதிகமுள்ள வகை சாதாரணப் பொன்னிற வகையைவிட மெதுவாக வளர்வதும் இதனால்தான். முழுக்க முழுக்க வெள்ளையாக ஒரு தளிர் வந்தால் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அதை மட்டும் தனியாக வெட்டி நட்டால் கொஞ்ச நாளில் செத்துப்போகும். சேமித்து வைத்தது தீர்ந்ததும் சாப்பாடு போட ஆள் இல்லை.

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். மங்கலான இடத்தில் வைத்தால் புதிதாக வரும் இலைகளில் பச்சை கூடுகிறது, மஞ்சளும் வெள்ளையும் குறைகின்றன. எங்காவது ஒரு கணுவிலிருந்து முழுப்பச்சைக் கிளை ஒன்று கிளம்பினால், அது மற்றவற்றைவிட வேகமாக உணவு தயாரிக்கிறது, வேகமாக நீளுகிறது. சில மாதங்களில் தொட்டி முழுக்க அதுவே நிறைந்துவிடுகிறது. இதை நோய் என்று நினைக்க வேண்டாம். குறைந்த வருமானத்தில் குடித்தனம் நடத்தும் சிக்கனம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இலையில் வெண்மை தெரியும் எல்லாச் செடிக்கும் இதே கதை என்று சொல்லிவிடவும் கூடாது. சில செடிகளின் இலையில் தெரியும் வெள்ளிப் பளபளப்புக்குக் காரணம், மேல்தோலுக்குக் கீழே இருக்கும் சிறு காற்றிடைவெளிகள். வெளிச்சம் அங்கே பட்டுத் தெறிப்பதால் வெள்ளியாகத் தெரிகிறது. அதற்குக் கீழே பச்சையம் இருக்கத்தான் செய்கிறது. அவ்வகைச் செடிகள் நிழலைக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். டூலிப் பூக்களில் வரி விழுவதோ ஒரு வைரஸால்.

கொவிட் காலத்தில், 2020 ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை நாம் வீட்டோடு முடங்கியபோதும் அதற்குப் பின்னும், செடி வாங்கும் ஆசை இங்கே பலருக்கு வந்தது. வெள்ளைக் கலப்புள்ள மான்ஸ்டெரா ஒரே ஓர் இலையுள்ள துண்டுக்கே நூற்றுக்கணக்கான வெள்ளி கேட்டார்கள். வெள்ளை அதிகமாக இருந்தால் விலையும் அதிகம். பிறகு ஆய்வகத்தில் திசு வளர்ப்பு முறையில் பெருக்கிய செடிகள் சந்தைக்கு வந்ததும் விலை இறங்கியது. அப்படி வாங்கியதைக் குளிரூட்டிய படுக்கையறையின் மூலையில், அலமாரி மேல் வைத்தவர்களும் உண்டு. நூறு வெள்ளிச் செடியைப் பட்டினி போட்டதுதான் மிச்சம்.

நம் கண் நம்மை ஏமாற்றும்

'வீட்டுக்குள்ள நல்லா வெளிச்சமாத்தானே இருக்கு?' என்று கேட்பார்கள். நம் கண்ணுக்கு அப்படித்தான் தெரியும். கண்மணி விரிந்து சுருங்கி எல்லா இடத்தையும் சமமாகக் காட்டிவிடும். அளந்து பார்த்தால் வேறு கதை. வெயில் அடிக்கும் நண்பகலில் வெட்டவெளியில் வெளிச்சம் ஏறக்குறைய 100,000 லக்ஸ். மேகமூட்டமான பகலில்கூட 10,000 லக்ஸ் அளவுக்கு இருக்கும். விளக்கு எரியும் வரவேற்பறையில் 100 முதல் 300 லக்ஸ். அதாவது வெளியே இருப்பதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாமல் போகலாம். சன்னலிலிருந்து இரண்டு எட்டு உள்ளே தள்ளி வைத்தாலே வெளிச்சம் பெரிதாகக் குறைந்துவிடும். கைப்பேசியில் லக்ஸ் அளக்கும் செயலிகள் உண்டு. துல்லியமாக இருக்காது, ஆனால் இரண்டு இடங்களை ஒப்பிட அது போதும்.

அதுவும் வேண்டாம் என்றால் கையே போதும். பகல் பதினோரு மணிவாக்கில் விளக்கை அணைத்துவிட்டு, செடி இருக்கும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை வையுங்கள். அதற்கு ஒரு சாண் மேலே கையை நீட்டுங்கள். விரல்கள் தெரியும்படி நிழல் விழுந்தால் வெள்ளைக் கலப்புச் செடிக்கு ஏற்ற இடம். கலங்கலாக ஒரு கருமை மட்டும் விழுந்தால் முழுப்பச்சை மணிப்பிளாண்ட் சமாளிக்கும்; வெள்ளை போய்விடும். நிழலே தெரியாவிட்டால் அங்கே பிளாஸ்டிக் செடி வைக்கலாம்.

சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு ஒரு பாகைக்குச் சற்றே வடக்கே இருக்கிறது. ஆண்டு முழுவதும் பகல் சுமார் 12 மணி நேரம். குளிர்நாட்டுப் புத்தகங்களில் 'குளிர்காலத்தில் தண்ணீரைக் குறை, உரத்தை நிறுத்து' என்று எழுதியிருப்பார்கள். அது நமக்குத் தேவையில்லை. இங்கே செடிக்குக் குளிர்காலம் என்பது அறையின் குளிர்சாதனம்தான். நேராகக் குளிர்காற்று படும் இடத்தில் வைத்தால் காற்று வறண்டு, இலையின் வெள்ளை ஓரம் முதலில் கருகும்.

கிழக்குப் பார்த்த சன்னல் மிக நல்லது. காலை வெயில் இதமாக இருக்கும். மேற்குச் சன்னல் என்றால் கவனம் வேண்டும். பிற்பகல் மூன்று மணி வெயில் கண்ணாடி வழியாக இறங்கி வெள்ளைப் பகுதியைச் சுட்டுவிடும். மெல்லிய திரைச்சீலை ஒன்று போதும். மாதம் இரண்டு முறை தொட்டியைக் கொஞ்சம் திருப்பி வைத்தால் ஒரே பக்கமாகச் சாயாது. தூசி படிந்த இலையை ஈரத்துணியால் துடைப்பதும் வெளிச்சம் கொடுப்பதற்குச் சமம்.

வாசல் நடைவழிதான் பல வீடுகளில் நல்ல வெளிச்சமுள்ள இடம். அங்கே வைக்கும்போது, ஆட்கள் தப்பிச் செல்ல 1.2 மீட்டர் அகலம் தடையில்லாமல் இருக்க வேண்டும் என்ற குடிமைத் தற்காப்புப் படையின் விதியை மறக்கக் கூடாது. சன்னல் விளிம்பிலும் கைப்பிடிச் சுவர் மேலும் தொட்டி வைப்பதை நினைக்கவே வேண்டாம். பத்தாவது மாடியிலிருந்து ஒரு சிறு தொட்டி விழுந்தாலும் கீழே போகிறவர் உயிர் போகும். சட்டப்படியும் அது குற்றம்.

வாய்மொழிப் பயிற்சிக்கு உதவும் ஓர் உரையாடல் கீழே. பேச்சுத்தமிழில் இருக்கிறது. இருவர் இருவராகப் பிரித்துப் பேசவைக்கலாம்.

பேத்தி: பாட்டி, ஏன் இந்தச் செடியில இப்ப வெள்ளையே வரல? வாங்கும்போது நல்லா பளிச்சுனு இருந்துச்சே.

பாட்டி: தண்ணி பத்தலபோல இருக்கு. நேத்துகூட ஊத்தினேனே.

பேத்தி: மண்ணைத் தொட்டுப் பாருங்க, ஈரமாத்தான் இருக்கு. தண்ணி நெறையவே இருக்கு பாட்டி. வெளிச்சம்தான் பத்தல.

பாட்டி: என்னம்மா இப்படிச் சொல்ற? ராத்திரி பத்து மணி வரைக்கும் லைட்டு எரியுதே!

பேத்தி: அந்த லைட்டு நமக்குப் போதும், செடிக்குக் காணாது. சன்னல் பக்கம் கொண்டுபோய் வைக்கலாமா?

பாட்டி: சன்னல் மேலயா? காத்துல விழுந்து யார் தலையிலயாவது பட்டா என்ன பண்றது?

பேத்தி: விளிம்புல வேணாம் பாட்டி. உள்பக்கமா ஒரு ஸ்டூல் போட்டு வைப்போம். அப்புறம் அந்தத் தட்டுத் தண்ணியையும் கொட்டிடுறேன், கொசு வந்துடும்.

பாட்டி: சரி கண்ணு. ஆனா இருக்குற பச்சை இலையெல்லாம் மறுபடி வெள்ளையாயிடுமா?

பேத்தி: பழைய இலை மாறாது பாட்டி. இனிமே வர்ற இலையைத்தான் பார்க்கணும்.

பாட்டி கேட்ட கடைசிக் கேள்வி முக்கியமானது. ஒருமுறை பச்சையாக விரிந்த இலை திரும்ப நிறம் மாறாது. இடம் மாற்றிய பிறகு வரும் இலைகளில்தான் பலன் தெரியும். அதற்குச் சில வாரங்கள் ஆகும். மாணவர்கள் எழுதும்போது பத்தல என்பதைப் போதவில்லை என்றும், இருந்துச்சு என்பதை இருந்தது என்றும், ஊத்தினேன் என்பதை ஊற்றினேன் என்றும், பண்றது என்பதைச் செய்வது என்றும் மாற்றிக்கொள்ள வேண்டும். பேசும்போது எழுத்து நடையை வலிந்து இழுத்துவர வேண்டியதில்லை.

தண்ணீர், மண், கொசு

வெளிச்சம் குறைந்து செடி மங்கும்போது நாம் செய்யும் முதல் காரியம் தண்ணீர் ஊற்றுவது. அன்பினால் செய்வதுதான், ஆனால் செடி சாவது பெரும்பாலும் அதனால்தான். வெளிச்சம் குறைந்த இடத்தில் செடி குறைவாகத்தான் தண்ணீர் குடிக்கும். மீதித் தண்ணீர் மண்ணின் இடைவெளிகளில் தங்கிக் காற்றை வெளியே தள்ளிவிடும். வேருக்கும் மூச்சுக் காற்று வேண்டும். அது கிடைக்காமல் வேர் அழுகுகிறது. அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது, இலை வாடுகிறது. 'ஐயோ, வாடிப்போச்சே' என்று மறுபடியும் ஊற்றுகிறோம். காரணமும் விளைவும் ஒன்றையொன்று துரத்தும் இந்த வட்டத்தை வகுப்பில் படமாக வரையச் சொல்லலாம். 'ஆகவே', 'அதனால்', 'இதன் விளைவாக' ஆகிய இணைப்புச் சொற்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடைப்பது அரிது.

சுட்டுவிரலை முதல் கணு வரை மண்ணில் விடுங்கள். ஈரமாக இருந்தால் சும்மா இருங்கள். காய்ந்திருந்தால் தொட்டியின் அடித்துளை வழியாக வழியும்வரை ஊற்றி, வழிந்ததைக் கொட்டிவிடுங்கள். 'திங்கள், வியாழன் ஊற்ற வேண்டும்' என்ற கால அட்டவணை வேண்டாம். மழைக்காலத்தில் ஒரு கணக்கு, வெயிலில் ஒரு கணக்கு.

மண் கெட்டியாக இருக்கக் கூடாது. இங்கே நாற்றுப்பண்ணைகளில் விற்கும் சுட்ட மண்ணுடன் தேங்காய் நார்த்தூளும் கொஞ்சம் பெர்லைட்டும் கலந்தால் தண்ணீர் தேங்காமல் இறங்கும். உரம் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். பாக்கெட்டில் போட்டிருப்பதில் பாதி அளவு, மாதம் ஒருமுறை போதும்.

கொசுவைப் பற்றி மட்டும் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2020-ல் சிங்கப்பூரில் 35,000-க்கும் மேற்பட்டோருக்கு டெங்கி வந்தது. அதைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. வீட்டில் தேங்கும் தெளிந்த தண்ணீரே அதற்குப் பிடிக்கும். பூந்தொட்டித் தட்டு, பூச்சாடி, மணிப்பிளாண்ட் நிற்கும் புட்டி எல்லாம் அதற்குப் பிரசவ அறைகள். முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் போதும். தண்ணீரைக் கொட்டிவிட்டால் முடிந்தது என்று நினைக்கக் கூடாது. முட்டைகள் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடந்து, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கும். ஆகவே ஒன்றுவிட்டு ஒருநாள் தண்ணீரை மாற்றும்போது புட்டியின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். வேர்களையும் குழாய் நீரில் அலச வேண்டும். கழுத்து குறுகிய புட்டிக்குள் கை போகாது. அகன்ற வாய்க் கண்ணாடிக் குவளைதான் தோது. தொட்டி மண் இறுகிப்போனால் அதன் மேலும் தண்ணீர் குட்டையாக நிற்கும். அதைக் கிளறிவிட வேண்டும். இதையெல்லாம் தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் சுவரொட்டியில் பார்த்திருப்பீர்கள். தினமும் பார்ப்பதாலேயே கண்ணில் படாமல் போகிற சுவரொட்டி அது.

இத்தனை தொல்லை வேண்டாம் என்று நினைக்கிற வீட்டில் மண் தொட்டியே நல்லது. என் அபிப்பிராயத்தில், வெள்ளைக் கலப்புச் செடிக்கு எப்போதும் மண்தான் நல்லது. தண்ணீரில் வேர் பிடிக்கும், உயிரோடும் இருக்கும், ஆனால் தழைப்பது குறைவு.

வெட்டுவதும் ஏற்றுவதும்

தண்டில் இலை புறப்படும் முட்டு போன்ற இடம் கணு. அங்கே பழுப்பாக ஒரு சிறு முளை நீட்டிக்கொண்டிருந்தால் அதுதான் காற்றுவேர். நடுவதற்கு வெட்டும் துண்டைப் போத்து என்பார்கள். ஒவ்வொரு போத்திலும் ஒரு கணுவாவது இருக்க வேண்டும். கணு இல்லாமல் இலைக்காம்பை மட்டும் தண்ணீரில் வைத்தால் அது சில வாரங்கள் பசுமையாக நிற்கலாம், ஆனால் அதிலிருந்து புதுக்கொடி கிளம்பாது.

முழுப்பச்சைக் கிளை வந்துவிட்ட செடியைத் திருத்துவதும் கத்தரிக்கோலால்தான். நிறம் சரியாக இருக்கும் கடைசி இலையைத் தேடுங்கள். அதற்குச் சற்று மேலே வெட்டுங்கள். அந்தக் கணுவிலிருந்து வரும் கிளை நிறத்தோடு வர வாய்ப்பு அதிகம். வெளிச்சத்தை மாற்றாமல் வெட்டினால் மட்டும் போதாது என்பதை இதற்குள் நீங்களே சொல்வீர்கள்.

இந்தக் கொடிக்கு இன்னொரு குணம் உண்டு. தொங்கவிட்டால் இலை சிறுத்துக்கொண்டே போகும். மேலே ஏற்றினால் இலை பெருத்துக்கொண்டே வரும். பூங்காக்களில் மரத்தில் ஏறிய மணிப்பிளாண்டைப் பார்த்தவர்கள் அது வேறு செடி என்றே நினைப்பார்கள். இலை அரை மீட்டருக்கு மேல் நீண்டு, ஓரங்கள் கிழிந்தாற்போல் இருக்கும். வீட்டில் அவ்வளவு வராது. ஆனாலும் தென்னைநார் சுற்றிய ஒரு கம்பை நட்டு, காற்றுவேர் அதைப் பற்றும்படி கட்டிவிட்டால் இலை நன்றாகப் பெரிதாகும். கொடி பற்றிப் படர நடும் கம்புக்குத் தமிழில் கொழுகொம்பு என்று பெயர். முல்லைக்குப் பாரி தேரைக் கொடுத்த கதையைக் கற்பிக்கும் நாளில் இந்தத் தொட்டியை மேசை மேல் வைத்தால், அந்தச் சொல்லை மாணவர்கள் மறக்க மாட்டார்கள்.

வெட்டியதில் மிஞ்சியதைப் புல்வெளியிலோ கால்வாய் ஓரத்திலோ வீசக் கூடாது. ஒரு கணு மண்ணைத் தொட்டாலே பிடித்துக்கொள்ளும். கண்டியில் உள்ள உடவத்தகெலே காட்டில் இது தரையையும் மரங்களையும் மூடிப் படர்ந்து, அங்கேயே பிறந்த செடிகளுக்கு இடமில்லாமல் செய்கிறது. அதுவும் யாரோ ஒருவர் வீட்டுத் தோட்டத்து அழகுச் செடியாகத்தான் அங்கே போயிருக்கும். மிச்சத்தைப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள்.

இலைக்காம்பின் இடுக்கில் பஞ்சு போல வெள்ளையாக ஏதாவது தெரிந்தால் அது நிறக் கலப்பு இல்லை, மாவுப்பூச்சி. சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, சில நாள் கழித்து மறுபடியும் துடைக்க வேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகள்

சேப்பங்கிழங்கின் உறவு என்று முன்பே சொன்னேன். சேனைக்கிழங்கைச் சரியாக வேகவைக்காமல் தின்றால் நாக்கும் தொண்டையும் அரிக்கும் அல்லவா? புளி சேர்த்துச் சமைப்பதும் அதற்காகத்தான். அந்த அரிப்புக்குக் காரணமான ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் மணிப்பிளாண்டிலும் இருக்கின்றன. தவழும் குழந்தையோ பூனையோ இலையைக் கடித்தால் வாய் எரிந்து வீங்கும். 2024 செப்டம்பர் முதல் வீவக வீடுகளில் பூனை வளர்க்க அனுமதி உண்டு என்பதால் இதைச் சொல்லிவைப்பது நல்லது. செடியை வெட்டிய பிறகு கை கழுவாமல் கண்ணைத் தேய்க்கக் கூடாது.

இரண்டாவது எச்சரிக்கை கட்டுரை எழுதுபவர்களுக்கு. 'மணிப்பிளாண்ட் வீட்டுக் காற்றைச் சுத்தம் செய்கிறது' என்று மாணவர்கள் தவறாமல் எழுதுகிறார்கள். 1989-ல் நாசா செய்த ஒரு சோதனையிலிருந்து பரவிய செய்தி அது. அந்தச் சோதனை காற்றுப் புகாத சிறு பெட்டிகளுக்குள் நடந்தது. நம் வீடு அப்படிப்பட்ட பெட்டி இல்லை; சன்னலும் கதவும் உண்டு. பல ஆண்டு ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து 2019-ல் வெளிவந்த ஒரு கட்டுரை, சாதாரணக் காற்றோட்டம் செய்கிற வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமானால் ஒரு சதுர மீட்டருக்குப் பத்து முதல் ஆயிரம் செடிகள்வரை வேண்டும் என்று கணக்கிட்டது. செடி வைப்பதற்கு அழகும் மன நிறைவும் போதுமான காரணங்கள். அவற்றை எழுதினாலே நல்ல கட்டுரை வரும்.

வகுப்பறையில் செய்து பார்க்க

ஒரே கொடியிலிருந்து ஒரே அளவில் இரண்டு போத்துகளை வெட்டச் சொல்லுங்கள். ஒன்றைச் சன்னலருகில், மற்றதை வகுப்பின் பின்சுவர் அலமாரியில் வைக்க வேண்டும். மண்ணும் தண்ணீரும் இரண்டுக்கும் ஒன்றாக இருக்கட்டும். பத்து வாரத் தவணை இதற்குச் சரியான காலம். வாரம் ஒருமுறை புது இலைகளை எண்ணி, தண்டின் நீளத்தை அளந்து, இலையில் எவ்வளவு மஞ்சள் இருக்கிறது என்று வரைந்து, கீழே மூன்று வாக்கியங்கள் எழுதினால் போதும். முதல் சில வாரங்கள் எழுத எதுவும் இருக்காது. 'மாற்றம் இல்லை' என்று எழுதுவதும் பதிவுதான் என்று சொல்லிவிடுங்கள். தளிர், கொழுந்து, இலை, பழுப்பு, சருகு என்று இலையின் பருவத்துக்கேற்ற சொற்கள் தானாகவே வந்து சேரும். தொடக்கநிலை ஐந்து, ஆறு மாணவர்கள் இதை வாய்மொழியாகச் சொல்லலாம். உயர்நிலை மாணவர்கள் ஏன் என்ற விளக்கத்தையும் சேர்த்து எழுதலாம்.

ஜூன் விடுமுறை நான்கு வாரம் நீளும். அதற்குமுன் தட்டுகளைக் காலி செய்து, தேய்த்துக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, தொட்டிகளை யார் வீட்டுக்கு எடுத்துப்போவது என்று மாணவர்களிடமே கேட்டு முடிவு செய்துகொள்ளுங்கள். கேட்டால் பாதி வகுப்பு கை தூக்கும்.